அன்புடன் வரவே

போன வாரம், மும்பையை ஒட்டிய தாணேயில் நாங்கள் இருக்கும் குடியிருப்பின் வாசலில் இரண்டு பேர் புது பேனர் ஒன்றைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பால் வாங்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். மண்ணெண்ணெயும் நகப்பூச்சும் கலந்தாற்போல ஒரு வாடை. உங்களுக்கென்றால் தலை வலிக்கும். எனக்குப் பசிக்கும். பல வருடம் அந்த வாடைக்கு நடுவில்தான் டிபன் டப்பாவைத் திறந்திருக்கிறேன். வாடை பிடித்துவிட்டு மரியாதையாகப் போயிருக்கலாம். ஆனால் மை காய்ந்திருக்கிறதா என்று என் விரல் தானாகப் போய் ஓரத்தைத் தடவியது. கண் தானாக எழுத்தைத் தேடியது. 'விநாயகர் சதுர்த்தி விழா' என்று சரியாகவே இருந்தது. அப்படியும் மனசு கேட்காமல் கிட்டப் போய் அந்த 'ழா'வை இன்னொரு தடவை பார்த்தேன்.

ஏணி மேல் நின்றவர், "என்ன சார், எதுவும் தப்பா?" என்று கேட்டார்.

"இல்ல, எல்லாம் சரியாத்தான் இருக்கு. அதான் சந்தேகமா இருக்கு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி என்று என் மனைவி சொல்வாள். அது பொய். தாராவியில் காதர் பாய் கடையில் பேனர் அடிக்கும் மிஷினுக்கு ஆபரேட்டராகச் சேரும்வரை, நானும் உங்களைப் போல எல்லாரையும் நம்பிக்கொண்டு நல்லபடியாகத்தான் இருந்தேன். அந்த மிஷின்தான் என்னைக் கெடுத்தது. மை துப்பும் துளைகள் கண்ணுக்கே தெரியாது. அதில் ஒன்று அடைத்துக்கொண்டால் போதும், பிள்ளையார் முகத்தில் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்துவிடும். ஓடுகிறதே என்று நம்பி டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது கட்சித் தலைவர் பச்சை நிறத்தில் சிரித்துக்கொண்டிருப்பார். ஆக, நின்றால் சந்தேகம், ஓடினாலும் சந்தேகம்.

கடை சிறியது, மிஷின் பெரியது. புது ரோல் மாட்டும்போது பாதி ரோல் சந்தில் நீட்டிக்கொண்டிருக்கும். போகிற வருகிற ஜனங்கள் குனிந்து போவார்கள், குனியும்போதே எங்களைத் திட்டுவார்கள். காதர் பாய்க்குத் தென்காசிப் பக்கம். தாராளமான மனுஷன். கேட்டவருக்குக் கையில் இருப்பதைத் தூக்கிக் கொடுத்துவிடுவார், ஆனால் ஒருவரையும் நம்பமாட்டார். இரண்டும் எப்படி ஒரே ஆளுக்குள் இருந்தன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மதியச் சோற்றில் பாதியை எனக்குத் தள்ளிவிட்டு, நான் சாப்பிடும்போது மேஜை டிராயர் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார்.

கெட்டுப்போன பிரிண்டை நாங்கள் ரிஜெக்ட் என்போம். மடித்து மிஷினுக்கு அடியில் போட்டுவைப்போம். மழைக்காலம் வந்தால் அதற்கு ஏக கிராக்கி. சந்தில் பாதிக் கூரைகள் எங்கள் ரிஜெக்டால்தான் ஒழுகாமல் இருந்தன. கவுன்சிலர்கள், புதுமணத் தம்பதிகள், பிறந்தநாள் குழந்தைகள் எல்லாரும் மல்லாந்து படுத்து நனைந்துகொண்டிருப்பார்கள். பாய் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார்.

"தொங்காத பேனரோட ரிஜெக்ட் கடைய விட்டுப் போவக் கூடாதுலே. அது தொங்கட்டும், பொறவு யாருக்கு வேணும்னாலும் குடு."

காரணம், பிள்ளையார் சதுர்த்தி சமயத்தில் எங்கள் பக்கம் பேனர் என்பது ராணுவ ரகசியம். ஒவ்வொரு சந்துக்கும் ஒரு மண்டல் உண்டு, பிள்ளையார் வைக்கிற குழு. இந்த வருடம் பிள்ளையார் என்ன வேஷத்தில் வருகிறார் என்பது பேனர் ஏறும்வரை அடுத்த சந்துக்குத் தெரியக் கூடாது. அந்த வருடம் எங்கள் சந்துப் பிள்ளையார் லோக்கல் டிரெயின் ஓட்டுகிற மோட்டார்மேன். நல்ல யோசனைதான், ஒத்துக்கொள்கிறேன். மூஞ்சூறு ரயில் கார்டாகக் கொடி காட்டியது.

அந்தப் பேனரை கம்ப்யூட்டரில் செய்தவள் செல்வி. மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப் பெண். படித்தது இந்தியில். தமிழ் வாயால் பொரிந்து தள்ளுவாள், வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவாள். இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றிக் கொடுக்கும் ஒன்றை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். அதனால் 'விழா' என்பது 'விலா' ஆகிவிட்டது. நான் படித்தது முனிசிபாலிட்டித் தமிழ்ப் பள்ளி. எனக்குப் பொறுக்கவில்லை.

"செல்வி, இது விலா. விலா எலும்பு. பிள்ளையாருக்கு எலும்பு முறிஞ்ச மாதிரி இருக்கு."

"அரே, வாசிச்சா ஒண்ணுதானே வருது?" என்றாள்.

மண்டல் செக்ரட்டரியைக் கேட்டோம். அவர் அந்த எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சல்த்தா ஹை. படம் பெருசா இருக்கணும், அதான் மேட்டர்" என்று ஓகே சொல்லிவிட்டார். முதல் தடவை அடித்தபோது முகத்தில் கோடு விழுந்தது. அதை மடித்து அடியில் போட்டுவிட்டு மறுபடி அடித்தேன்.

எங்கள் பேனர் ஏறுவதற்கு முந்தின நாள் காலையில் மூன்றாவது சந்தில் ஒரு பேனர் ஏறிவிட்டது. மோட்டார்மேன் பிள்ளையார். படம் வேறு ஆள் வரைந்தது, யோசனை எங்களுடையது. அதைக்கூடத் தற்செயல் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அதிலும் 'விநாயகர் சதுர்த்தி விலா' என்று இருந்தது. செல்வியின் விலா எலும்பு மூன்றாவது சந்துவரை போயிருந்தது! கீழே 'அன்புடன் வரவே' என்று முடிந்திருந்தது. எங்களுடையதில் 'அன்புடன் வரவேற்கிறோம்' என்று இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் ஒரே சிரிப்பு. "அன்புடன் வரவே வேண்டாம்னு சொல்லுதானுவளோ?" என்று பெண்கள் கேலி செய்தார்கள். அந்தப் பேனரை அடித்த போட்டிக் கடையில் டிசைன் செய்கிறவன் பீகார்ப் பையன், தமிழ் தெரியாமல் பாதியில் விட்டுவிட்டான் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மண்டல்காரர்கள் கடைக்குள் வந்து நின்றார்கள். செக்ரட்டரி சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பாய், பிள்ளையாரக் கரைக்கிற விசர்ஜனுக்குள்ள ஆளக் கண்டுபிடிச்சு அனுப்புங்க. இல்லேன்னா நம்ம வேல இனிமே இங்க கிடையாது" என்றார்.

பாய் மிஷினுக்கு அடியில் குனிந்து பார்த்தார். ரிஜெக்ட் இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு செல்வியைப் பார்த்தார். கடையில் அவரைத் தவிர நாங்கள் இரண்டு பேர்தான்.

"ரெண்டு பேர்ல ஒரு ஆளுதாம்லே. யாருன்னு நீங்களே சொல்லிருங்க" என்றார்.

அதன் பிறகு அந்தக் கடையில் மூச்சு விடுவதே கஷ்டமாகிவிட்டது. பாய் நாற்காலியைச் சுவரோரம் திருப்பிப் போட்டு, ஒரு கண் என் மேலும் ஒரு கண் அவள் மேலுமாக உட்கார்ந்தார். என் பென் டிரைவைத் தினமும் வாங்கி, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியாமல், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுப்பார். மிஷினுக்கு மேல் ஒரு கேமரா மாட்டினார். சிவப்பு விளக்கு எரியும். அதன் ஒயர் எங்கேயும் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்குக் கீழே மூக்கைச் சொறியக்கூட யோசித்தேன்.

செல்வி நான் வரும்போது ஸ்கிரீனைத் திருப்பிக்கொண்டாள். அவள் போனில் பேசும்போதெல்லாம் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அவள் அம்மாவிடம் கேஸ் சிலிண்டர் பற்றித்தான் பேசினாள். சிலிண்டர் என்றால் வேறு ஏதாவது சங்கேத வார்த்தையோ என்று யோசித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதனால்தான் அப்படி வலித்தது. வேறு யாராவது என்றால் திருடி என்று நினைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள். "நீதானே குடுத்த?"

"நான் நீன்னு நெனச்சிட்டிருக்கேன்."

"நல்லா இருக்கே நியாயம்!" என்று சொல்லிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். என்னை அவள் சந்தேகப்பட்டது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. திருடியவளாக இருந்தால் என்னை ஏன் கேட்க வேண்டும்? அடுத்த நிமிடமே, அதற்காகத்தான் கேட்டாளோ என்று தோன்றியது.

விசர்ஜனுக்கு முன்தினம் பேய்மழை. மிஷினுக்கு நேர் மேலே சொட்டத் தொடங்கியது. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நான் பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்துக்கொண்டு இரும்பு ஏணியில் கூரைக்கு ஏறினேன். கடைக்குப் பின்வீடு பேச்சியம்மாள் அக்காவுடையது. தைத்த சட்டைகளில் பிசிறு நூல் வெட்டுகிற வேலை செய்பவர். அந்தக் கூரையைப் பார்த்தேன். மழையில் மோட்டார்மேன் பிள்ளையார் மல்லாந்து கிடந்தார், முகத்தில் குறுக்கே நான் போட்ட வெள்ளைக் கோட்டோடு. காற்றில் பறக்காமல் இருக்க ஓரத்தில் ஒரு பழைய டயர் வைத்திருந்தது. டயருக்கு இந்தப் பக்கம் 'அன்புடன் வரவே' என்று தெரிந்தது. மிச்ச எழுத்தெல்லாம் டயருக்கு அடியில்.

தலையைத் தூக்கினேன். கூரைக்கு நேர் எதிரே, மாடியில், போட்டிக் கடையின் ஜன்னல். பீகார்ப் பையன் அங்கேதான் நின்று பான் மென்றுகொண்டிருப்பான். கண்ணுக்குத் தெரிந்த எழுத்தை அப்படியே படம்போல வரைந்திருக்கிறான். பாவம், டயருக்கு அடியில் தமிழ் இன்னும் மிச்சம் இருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

"செல்வி! மேல வா!" என்று கத்தினேன். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறி வந்தாள். பார்த்தாள். முதலில் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. அப்புறம் பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள்.

கீழே இறங்கி அக்காவைக் கேட்டோம்.

"பாய்தான்யா குடுத்தாவ. வெள்ளிக்கிழம தொழுதுட்டு வாராவ, நான் ஒழுகுதுன்னு சொன்னேன். அடியில கைய விட்டு, என்ன ஏதுன்னு பாக்காம எடுத்துக் குடுத்துட்டாவ. மகராசன்" என்றார்.

எனக்குக் காலில் சக்கரம் கட்டிவிட்டாற்போல் ஆகிவிட்டது. பாய் வந்ததும் கூரைக்கு ஏற்றிக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. செல்வி என் கையைப் பிடித்தாள்.

"அக்கா மருமகன் மூணாவது சந்து மண்டல்ல இருக்கான், தெரியும்ல? பாய் குடுத்தாருன்னா எவன் நம்புவான்? அக்காதான் வித்துட்டாங்கன்னு சொல்லுவானுங்க. இந்த மழைல கூரையப் பிச்சுப் போட்ருவானுங்க."

"அப்போ?"

"செம்பூர்ல கல்யாண ஆல்பம் போடுற கடைல என்னைக் கூப்ட்ருக்காங்க. நான் போறேன். நீ வாய மூடிட்டு இரு."

"நீதான் குடுத்தேன்னு ஆயிரும்."

"ஆகட்டும். அக்கா வீடு ஒழுகாதுல்ல?"

இவளைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அந்த நிமிடம் முடிவு செய்தேன். இரண்டு வாரம் வேவு பார்த்ததில் அவள் அம்மா வீட்டு சிலிண்டர் எப்போது தீரும் என்பதுவரை எனக்கு மனப்பாடம். பெண் பார்க்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

மறுநாளே செல்வி வேலையை விட்டாள், ஆள் அகப்பட்டது என்று மண்டலும் அடங்கிவிட்டது. எங்கள் கல்யாணத்துக்குப் பாய் தன் செலவில் பேனர் அடித்துக் கொடுத்தார். 'திருமண விழா' என்பதை மட்டும் என்னைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொன்னார். மண்டபத்தில் செல்வியைப் பார்த்துச் சிரித்து வாழ்த்திவிட்டு, என்னை ஓரமாக இழுத்தார். "நல்ல பிள்ளதான். ஆனாலும் வீட்ல எதையும் தொறந்து போட்டு வைக்காத" என்றார்.

இதெல்லாம் அந்தப் பேனர் வாடையால் கிளம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பாயைப் பார்க்கப் போனேன். மிஷினை விற்றாகிவிட்டது. மகனுடைய மொபைல் கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். டீ வந்தது. பாதி டீயை என் கிளாஸில் ஊற்றிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இப்பயாவது உண்மையச் சொல்லு. செல்விதானே?"

பேச்சியம்மாள் அக்கா ஊரைப் பார்க்கப் போய்விட்டார், மருமகன் கல்வாவுக்குக் குடிபோய்விட்டான், இனி யாருக்கு என்ன என்று நினைத்துச் சொல்லிவிட்டேன். "இல்ல பாய். நீங்கதான் குடுத்தீங்க." கூரை, டயர், ஜன்னல் எல்லாம் சொன்னேன்.

பாய் நிதானமாகக் கேட்டார். "பொண்டாட்டியக் காப்பாத்த என்னையே திருடன் ஆக்குதியாலே? சரி, நடந்து போற தூரந்தானே. காட்டு பாப்போம்" என்று எழுந்தார்.

போனோம். சந்து இருந்த இடத்தில் தகரத் தடுப்பு அடித்திருந்தார்கள். புதுக் கட்டடம் வரப்போகிறதாம். பாய் தகரத்தில் இருந்த ஓட்டையில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். நானும் பார்த்தேன். எங்கள் கடை இல்லை. பீகார்ப் பையனின் ஜன்னல் இல்லை. செங்கல் தூளும் சேறும், நடுவில் ஒரு மண் தோண்டும் இயந்திரமும்தான் இருந்தன.

"நல்லாத்தான் சோடிச்சிருக்க" என்றார் பாய். கோபமாகச் சொல்லவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பி நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் செல்வி கேட்டாள், "நம்பினாரா?"

"இல்ல. அந்த ஒத்த டயர எங்க போய்க் காட்ட?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஒத்த டயரா? ரெண்டு டயருல்ல இருந்துச்சு?"

"ஒண்ணுதான்."

"ரெண்டு. நான் பாத்தேன்."

ஒன்று என்றுதான் நான் அடித்துச் சொன்னேன். இப்போது இதை எழுதும்போது அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை. ஏறிப் பார்த்துவிட்டு வரலாம் என்றால், அந்தக் கூரை இல்லை.