மனோ அன்ரியின் கறுத்த நகங்கள்

மனோ அன்ரி இறந்த செய்தி வந்தபோது, ஒஸ்லோவின் ரொம்சோஸ் பஸ் தரிப்பிடத்தில் அவருக்காகத்தான் காத்து நின்றேன். ஒருநாளும் பிந்தாதவர். தொலைபேசியில் அவருடைய மகள் அழுதாள். வந்த பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போனேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே அருவருப்பு.

ஒஸ்லோவுக்கு வெளியே, அந்தக் காலத்தில் இரும்பு உருக்கிய கிராமம் ஒன்றை உலைக்கூடத்தோடும் தொழிலாளர் வீடுகளோடும் அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அங்கே நாங்கள் இருவரும் துப்புரவுத் தொழிலாளிகள். பள்ளிக்கூடத்தை ஏன் இடையில் விட்டாய் என்று அன்ரி என்னைக் கேட்டதேயில்லை. நான் அதிகம் பேசமாட்டேன். "கதைக்காட்டிப் பரவாயில்லை பிள்ளை, மற்றப் பக்கத்தைத் தேய்" என்பார். வீடு வீடாகப் போய் வார்ப்பிரும்பு அடுப்புகளுக்குக் கறுப்புப் பசை பூசிப் பிரஷால் தேய்ப்போம். அவர் கையுறை போடமாட்டார். போட்டால் துரு எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தெரியாதாம்.

உலைக்கூடச் சுவரில் அந்தக் காலத்திலேயே படிந்த கரியை மட்டும் நாங்கள் துடைக்கக் கூடாது. ஒருநாள் சுற்றுலா வந்தவர்கள் அதை மாறி மாறிப் படம் எடுத்தார்கள். அன்ரி என் காதுக்குள், "செத்தவையின்ரை ஊத்தையெண்டா படம் எடுக்கினம். எங்கடை ஊத்தையெண்டா பஸ்ஸிலை தள்ளி இருக்கினம்" என்றார். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வேலை இடத்தில் நான் சிரித்தது அன்றுதான் முதல்.

சவப்பெட்டியில் அவருடைய கைகளைப் பார்த்தேன். நகங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசியிருந்தது. உயிரோடு இருக்கும்வரை அவர் ஒருநாளும் பூசாதது. அடியில் இருந்த அடுப்புப் பசையின் கறுப்பு தெரியக் கூடாதென்று பூசியிருக்கிறார்கள்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு அச்சிடும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் போட நாலு வரி எழுதித் தரும்படி அன்ரியின் கணவர் கேட்டார். "கிளீனிங் எண்டு எழுதிப்போடாதை பிள்ளை. நாலு பேர் வாசிக்கிறது. மியூசியத்திலை அதிகாரி எண்டு போடு."

ஓம் என்று தலையாட்டினேன்.

அங்கிள், அதிகாரி என்பது பொய். நாலு வரிக்குப் பதிலாக நான் எழுதியது, முதல் வரியிலிருந்து, இதுதான். எந்தக் கறுப்பை நீங்கள் மறைத்தீர்களோ, அது அவர் உழைத்த கறுப்பு. இதை நீங்கள் அச்சிடாவிட்டால் முப்பத்தோராம் நாளன்று எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று வாசிப்பேன். நான் கூட்டத்தில் வாய் திறந்து உங்களில் ஒருவரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்பீர்கள்.

அன்ரியின் பிரஷ் என்னிடம் இருக்கிறது. நானும் இப்போது கையுறை போடுவதில்லை.