சிலுவை நட்ட கல்

எங்கள் மூத்த மகள் இரண்டு வயதில் காய்ச்சலில் போனாள். அப்போது கோத்தா கோலா மூடா போகிற பாதையில் உள்ள ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தோம். அங்கேயே புதைத்தோம். என் வீட்டுக்காரர் ஆத்தோரத்திலிருந்து ஒரு கருங்கல்லைப் புரட்டிக்கொண்டு வந்தார். சதுரக் கல், நடுவில் சதுரமாகவே ஒரு குழி. "சிலுவை நடுறதுக்குன்னே எவனோ கொத்தி வச்சிருக்கான்" என்று சொல்லி, குழியில் மரச்சிலுவையை இறக்கிப் பிள்ளை தலைமாட்டில் வைத்தார்.

சிலுவையைக் கரையான் தின்னும். அவர் புதுசு செய்து இறக்குவார். அவரும் போன பிறகு வெறும் கல்தான். பால்மரத்தை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டு எஸ்டேட்டே மாறிப்போய், மற்ற கல்லறை மேடெல்லாம் மண்ணோடு மண்ணாகிவிட்டது. கல்லறைத் திருநாளுக்கு, இப்போது நான் இருக்கிற பாடாங் செராயிலிருந்து போனால், அந்தக் கல்லை வைத்துத்தான் பிள்ளையைக் கண்டுபிடிப்பேன்.

அப்படிப் போயிருந்த ஒரு வருஷம் மியூசியத்து மலாய்க்காரப் பெண் ஒருத்தி வந்தாள். ஆத்தோரம் கால்வாய் வெட்டும்போது இதே மாதிரி கல் கிடைத்ததாம். குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பழைய கோயில் தூணின் அடிக்கல், ஆயிரம் வருஷம் இருக்கும், சட்டப்படி அரசாங்கம்தான் பாதுகாக்கணும் என்று என் சின்ன மகளிடம் மரியாதையாகத்தான் சொன்னாள்.

கூட இருந்த நாத்தனார் சிரித்தாள். "இத்தனை வருஷமா வேற சாமி கல்லுகிட்ட ஜெபமாலை சொல்லியிருக்கீங்க அண்ணி. அதுவும் பாவம், பொறுத்துக்கிட்டு இருந்திருக்கு."

எனக்கும் சிரிப்பு வந்தது. கல்லை எடுத்தால் பிள்ளை இருக்கிற இடம் தெரியாதே என்று மகள் காதில் சொன்னேன். மகள்தான் அதை அவளிடம் சொன்னாள். மியூசியத்துக்காரர்கள் சிமெண்டில் ஒன்று செய்து வைக்கிறோம் என்று சொல்லி, அதுவரைக்கும் சிவப்பு நாடா கட்டின குச்சி ஒன்றை அடித்துவிட்டு, கல்லைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோனார்கள். பிறகு மியூசியத்தில் கல் இருக்கிற படத்தை மகள் போனில் காட்டினாள். மழை படாத இடம், சுற்றிலும் கயிறு. மெழுகு ஒழுகின கறையெல்லாம் துடைத்துவிட்டார்கள்.

மறு வருஷம் போனபோது சிமெண்ட் கல் வரவில்லை. பழைய செம்பனையைச் சாய்த்து, மறுநடவுக்கு அளந்து கன்றுக்கு ஒரு குச்சி அடித்து வைத்திருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் குச்சி. எல்லாவற்றிலும் சிவப்பு நாடா.

கல்லறையை மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் தீர்த்தத்தோடு வெயிலில் நின்றார். "எந்த இடம்மா?"

மகள் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு குச்சியைக் காட்டினாள். "இங்கனதான் சாமி."

அவர் என்னைப் பார்த்தார். காத்துக்கொண்டிருக்கிறாரே என்று நானும் ஆமாம் என்றேன்.