தொற்றிய இடம்: உள்ளூர்

‘நோயாளியின் பெயர்’ என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. வயது எட்டு, பெண். கடந்த ஒரு மாதத்தில் வெளியூர் சென்றாரா: இல்லை. தொற்றிய இடம்: உள்ளூர். தேதியில் நாள் மங்கிவிட்டது. அக்டோபர் என்பதும் 1987 என்பதும் மட்டும் படிக்க முடிகிறது. அப்பா இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியில் கிடைத்த கார்பன் நகல் இது. எழுத்து அப்பாவுடையதல்ல, அவருக்கு மேலே இருந்த மலேரியா ஆய்வாளருடையது.

அந்த ஆண்டு எனக்குக் காய்ச்சலே வரவில்லை.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்கு அப்பால், கல்வராயன் மலை தொடங்கும் அடிவாரத்தில் இருக்கிறது. அப்போது தென்னாற்காடு மாவட்டம். எங்களுக்கு இரண்டு ஏக்கர் கரும்பு; அதைப் பார்த்துக்கொண்டது சித்தப்பா. அப்பா மலேரியா ஊழியர். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் “வூட்டுல யாருக்குனா காய்ச்சலா?” என்று கேட்பார். இருந்தால் விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் இரத்தம் தடவிக்கொண்டு நாலு மாத்திரை கொடுப்பார். பிறகு வாசற்சுவரில் காவி நிறத்தில் அச்சிட்ட கட்டத்துக்குள் அன்றைய தேதியை எழுதிக் கையெழுத்துப் போடுவார். நான் எண்களைப் படிக்கக் கற்றது அந்தக் கட்டங்களில்தான். தேதி இல்லாத எதையும் நம்பாத என் கெட்ட பழக்கம் அங்கே தொடங்கியிருக்கலாம்.

அறுபதுகளில் நாட்டை விட்டே போய்விட்டதாக நம்பப்பட்ட மலேரியா, எழுபதுகளின் நடுவில் திரும்பி வந்தது. மறுபடி பின்வாங்கியபோது எல்லா இடத்தையும் ஒரே சீராக விட்டுப் போகவில்லை. சமவெளியை முதலில் விட்டது. மலையிலும் காட்டிலும் போய்த் தங்கிக்கொண்டது. இதை நான் பிற்பாடு புத்தகங்களில் படித்தேன். அப்பா சைக்கிளில் போயே தெரிந்துவைத்திருந்தார். அவர் பகுதியில் சில ஆண்டுகளாக ஒரு கண்ணாடித் துண்டில்கூடக் கிருமி இல்லை. மலைக்கு வேறு ஊழியர் இருக்க வேண்டும். அந்த வேலையிடம் வெகுநாள் காலியாகக் கிடந்தது.

செப்டம்பரில் எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. எங்கள் ஊர் ஆண்கள் ஏறக்குறைய எல்லாருமே போனார்கள். சித்தப்பா கோடரியோடு போனார். சாலையோரப் புளியமரம் ஒன்று குறுக்கே விழுந்தது; அதில் அவருடைய வெட்டு எத்தனை என்று எனக்குத் தெரியாது. போலீஸ் வீடு வீடாகத் தேடத் தொடங்கியதும் அவர் மலையேறிவிட்டார். ஆண்டுதோறும் எங்கள் வீட்டுக்குத் தேனும் கடுக்காயும் கொண்டுவரும் மலைக்காரர் ஒருவர், வெள்ளிமலைக்குப் போகும் வழியிலிருந்து ஒதுங்கிய ஒரு சிற்றூரில் இருந்தார். அவர் வீட்டில் சித்தப்பா இரண்டு வாரத்துக்கு மேல் தங்கினார். இறங்கி வந்தபோது உடம்பு கொதித்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சரியாக மத்தியானத்தில், நாலு கம்பளி போட்டும் அடங்காத குளிர்.

அப்பாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் ஐந்து நாளைக்கான முழு மருந்து, கிருமி உண்டு என்று கள்ளக்குறிச்சியிலிருந்து முடிவு வந்தால்தான் கிடைக்கும். முடிவு வந்தால் ஆய்வாளர் வருவார். எங்கே போனாய், எங்கே தூங்கினாய் என்று கேட்டு எழுதிக்கொள்வார்.

நெல் மூட்டை அடுக்கிய அறையில் அப்பா சித்தப்பாவின் விரலைக் குத்தினார். பிறகு என்னைக் கூப்பிட்டு என் விரலையும் குத்தினார்.

“எனக்கு எதுக்குப்பா?”

“உனக்குத்தான் காய்ச்சல். குத்துன தடம் வேணும்ல?”

அம்மா வாசற்படியிலிருந்து திரும்பினாள். “புள்ள பேர்லயா எழுதப் போற? உனக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா?”

“வேற யாரு பேர்ல எழுத? எட்டு வயசுப் புள்ளைய எந்தப் போலீஸ் தேடிக்கினு வரும்? இவன் பேரும் மலைன்ற வார்த்தையும் ஒரே பேப்பர்ல இருந்தா போதும், நேரா கடலூர் ஜெயிலு.”

சித்தப்பாவுக்குப் பற்கள் தந்தியடித்தன. அந்த நிலையிலும் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். “மரத்த வெட்டுனவன் நானு, குத்து வாங்குனது நீயி. பெரிய போராளிடி பாப்பா.”

என் இரத்தம் பட்ட துண்டை அப்பா கழுவி வைத்தார். சித்தப்பாவின் இரத்தம் என் பெயரோடு கள்ளக்குறிச்சிக்குப் போனது.

ஆய்வாளர் வந்த நாள் எனக்கு விடுமுறை. பாயில் படுக்க வைத்திருந்தார்கள். அவர் என் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார்.

“மலைப்பக்கம் போனியா பாப்பா? விறகு பொறுக்க, பழம் பொறுக்க?”

“போகலங்க சார்.”

“உண்மையா?”

“சாமி சத்தியமா போகலங்க சார்.”

அவர் எழுதிக்கொண்டார். அன்று எனக்குப் பெரிய நிம்மதி. பொய் சொல்ல வேண்டியிருக்குமோ என்று இரவெல்லாம் பயந்திருந்தேன்; கேட்ட கேள்விக்கு உண்மையையே சொன்னால் போதும் என்று ஆகிவிட்டது. அவர் முன்னால் முதல் நாள் மாத்திரையை நான்தான் விழுங்கினேன். வயதுக்கேற்ப எனக்குப் பாதி அளவு. மிச்சத்தோடு தன் பையில் இருந்ததையும் சேர்த்து அப்பா சித்தப்பாவுக்குக் கணக்காகக் கொடுத்தார். சித்தப்பா பிழைத்துக்கொண்டார்.

மலைக்கே போகாத சிறுமிக்கு மலேரியா என்றால், கிருமியுள்ள கொசு ஊருக்குள்ளேயே இருக்கிறது என்றுதானே பொருள்? சுத்தமாக இருந்த சமவெளியில் நோய் திரும்பிவிட்டது என்று மேலதிகாரிகளிடையே கலவரம். சில நாளில் மருந்தடிக்கும் ஆட்கள் எங்கள் ஊருக்கு வந்து இறங்கினார்கள். வீடு வீடாகச் சுவரெல்லாம் வெள்ளைத் திட்டு. சித்தி அவர்களோடு மல்லுக்கு நின்றாள்.

“யோவ், சாமி மாடத்துல அடிக்காத! போன தபா அடிச்சதுல கொசு ஒண்ணும் சாவுல, என் பூனதான் செத்துச்சு.”

“பூனைக்கு மலேரியா இல்லன்னு நெனச்சிக்கோக்கா” என்றார் குழாய் பிடித்தவர்.

இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் மலைக்காரர் தெருவில் வந்து நின்றார். கையில் தேன் குப்பி இல்லை. விடியும் முன் கிளம்பி நடந்தே இறங்கியிருக்கிறார். சுவரையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இங்க யாருக்குங்க காய்ச்சலு?”

குழாய்க்காரர் என்னைக் காட்டினார். நான் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தேன். மலைக்காரர் என்னை வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான கீது” என்று மட்டும் சொன்னார். பிறகு அப்பாவிடம் திரும்பினார். “எம் பொண்ணும் இதே வயசுதானுங்க. ஒரு நாள் வுட்டு ஒரு நாள் தூக்கித் தூக்கிப் போடுது. பக்கத்துல மூணு வூட்டுலயும் அப்படியே கெடக்குறாங்க. ஒருக்கா மேல வந்து பாருங்களேன்.”

மருந்தடிப்பவர்களின் தலைவர் குறுக்கே புகுந்தார். “எந்த ஊருய்யா? அங்கருந்து ஒரு பாசிட்டிவும் வரலியே. பேப்பர்ல இல்லாத ஊருக்கு எப்பிடி மருந்த ஏத்தறது? மறியல்ல லோடே வரல. கீறது இந்த ஊருக்கே பத்தாது.”

அந்த ஊரிலிருந்து ஒரு பாசிட்டிவ் வந்திருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அங்கே அப்பாதான். சொன்னால், யாருடைய இரத்தம் என்ற அடுத்த கேள்வி வரும். உள்ளே மூட்டைகளுக்குப் பின்னால் சித்தப்பா படுத்திருந்தார். சித்தப்பா மலையில் தங்கியதை அறிந்த மலைக்காரரும் அதை வெளியே விடவில்லை. தன் வீட்டில் சோறு தின்ற ஆளைக் காட்டிக்கொடுப்பது அவருக்குத் தோன்றியே இருக்காது.

அப்பா பையில் இருந்த மாத்திரை முழுவதையும் ஒரு துணியில் கொட்டி முடிந்து கொடுத்தார். யாருக்கு எத்தனை என்று இரண்டு முறை சொன்னார். படிக்கத் தெரியாதவர் என்பதால் விரல் மடக்கிக் காட்டினார். எத்தனை மாத்திரை என்று எனக்கு நினைவில்லை. நாலு வீட்டுக்குப் போதாது என்பது இப்போது தெரிகிறது.

கிளம்பும்போது மலைக்காரர் குரலைத் தாழ்த்தினார். “தம்பி நல்லாகீறாராங்க?”

“கீறான்” என்றார் அப்பா.

“அது போதும்.”

போலீஸ் கெடுபிடி தணிந்த பிறகு, தை பிறந்ததும் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனார். அன்று மாலையே திரும்பினார். சாப்பிடவில்லை. அம்மாவிடம், “அந்தப் பொண்ணு போயிட்டா. மொதல் மழை நின்ன வாரமே” என்றார். சித்தப்பா எழுந்து கொல்லைப்புறம் போனார். நான் என் பங்குக்கு, “நான் பொய்யே சொல்லலப்பா” என்றேன். ஆய்வாளர் வந்த நாள் முதல் அதற்கு ஒரு பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். அப்பா என் தலையில் கை வைத்தார். பிறகு உடனே எடுத்துக்கொண்டார். ஏன் எடுத்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

1989இல் இட ஒதுக்கீடு வந்தது. அதன் பயனாக எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மலைக்காரர் அதன் பிறகு எங்கள் வீட்டுக்குத் தேன் கொண்டுவரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை; வரவில்லை, அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு நான் இரண்டு அலுவலகங்களில் கேட்டுப் பார்த்தேன். அந்தச் சிற்றூருக்கு அந்த ஆண்டின் இறப்புப் பதிவு எனக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயரைச் சித்தப்பா ஒரு விதமாகவும் அம்மா வேறு விதமாகவும் சொன்னார்கள். இருவருமே இப்போது இல்லை. அவள் விரலை யாரும் குத்திப் பார்க்கவில்லை. ஆகவே அவள் இறந்தது மலேரியாவால்தானா, அங்கே மருந்து போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்பதை என்னால் இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.