நான்காவது டேக்கில் போன கார்டு

அன்று சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் பவானி ஆற்றங்கரையில் டைரக்டர் இருந்தார், கேமராமேன் இருந்தார், புரொடக்‌ஷன் மேனேஜர் பழனிசாமி அண்ணன் இருந்தார், நடிக்க வந்த ரஞ்சினி அக்கா இருந்தார். ஆர்ட் டைரக்டர் இல்லை. அடுத்த நாள் செட்டுக்குச் சாமான் வாங்கத் துடியலூர் போயிருந்தார். அதனால் ப்ராப்பர்ட்டி, அதாவது காட்சியில் வரும் சாமான்கள், முழுக்க அவருடைய அசிஸ்டென்டான என் பொறுப்பு. அப்படி ஒரு நாள் எனக்கு அதுதான் முதல் தடவை.

படம், படகில் வந்து முகாமில் வாழும் ஓர் இலங்கைப் பெண்ணைப் பற்றியது. ரஞ்சினி அக்கா நிஜமாகவே முகாமில் இருப்பவர். கடைசிக் காட்சியில் அந்தப் பெண் தன் அகதி கார்டை ஆற்றில் எறிகிறாள். அதற்கு நான் டூப்ளிகேட் செய்ய வேண்டும்.

மாதிரிக்கு அக்கா தன் குடும்பக் கார்டையே கொடுத்தார்.

"பத்திரம் தம்பி. திங்கக்கிழமை மகளுக்கு நர்சிங் காலேஜில ஒரிஜினல் கேப்பினம்."

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். என் சாதிச் சான்றிதழை அப்பா அரிசி டிரம்முக்குள் வைத்துக் காப்பாற்றினார். காகிதத்தின் அருமை எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஸ்கேன் செய்து, தடித்த அட்டையில் பிரின்ட் போட்டு, டீ டிகாஷனில் நனைத்துப் பழசாக்கினேன். பழனிசாமி அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, யூனிட்டுக்கே டீ பத்தல. நீங்க கார்டுக்கு ஊத்தறீங்களாக்கும்? எத்தனை போட்டிருக்கறீங்க?"

"மூணுங்ணா. அது போக, சீல் சரியா விழாத ட்ரையல் பீஸ் ஒண்ணு இருக்குதுங்க."

"நம்ம டைரக்டரு மூணு டேக்கோட நிக்கற ஆளுங்களா?"

இன்னும் இரண்டு போட்டிருக்கலாம். போடவில்லை. கலர் ஒத்துப் பார்க்க ஒரிஜினலையும் டூப்ளிகேட்டுகளையும் ஒரே கவரில் வைத்திருந்தேன். பார்த்து முடித்ததும் ஒரிஜினலை அக்கா கையில் கொடுத்திருக்க வேண்டும். அவர் மேக்கப்பில் இருந்தார். என்னிடமே இருக்கட்டும், பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் டேக்கில் ஃபோகஸ் போனது. இரண்டாவது நன்றாக வந்தது, ஆனாலும் டைரக்டருக்குத் திருப்தி இல்லை. மூன்றாவதில் பின்னால் ஒரு பரிசல் குறுக்கே வந்துவிட்டது.

"தம்பி, லைட் போகுது. கார்டு, கார்டு" என்று டைரக்டர் கை நீட்டினார். ட்ரையல் பீஸ் போதும், தூரத்தில் சீல் தெரியாது என்று கவருக்குள் கையை விட்டேன். வந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

"அக்கா, கார்டப் பாக்காதீங்க. ஆத்தையே பாருங்க" என்றார் டைரக்டர்.

அக்கா ஆற்றையே பார்த்து எறிந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கவரை மூடப் போனேன். உள்ளே ட்ரையல் பீஸ் இருந்தது.

செருப்போடு ஆற்றில் இறங்கிவிட்டேன். பரிசல்காரர் இருட்டும் வரை தேடி இரண்டு கார்டுகளைக் கொண்டுவந்தார். இரண்டும் நான் டீயில் நனைத்தவை.

அக்கா ஈரக் கார்டு இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியே எங்கட கார்டு மாதிரித்தான் செஞ்சிருக்கிறீங்க தம்பி. எனக்கே தெரியேல்ல" என்றார். பிறகு, "திங்கக்கிழமைக்கு என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பழனிசாமி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொண்ணு போட்டுக் குடுத்தர்லாமுங்களா? அந்தம்மாவுக்கே அடையாளம் தெரியலீங்களே."

எனக்கும் அந்த யோசனை வந்திருந்தது. ஸ்கேன் ஃபைலைத் திறந்தும் வைத்திருந்தேன். அக்காவிடம் கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. பிடிபட்டா உங்களுக்கு ஒரு கேஸ். எங்களுக்கு முகாம் பதிவே போயிடும்."

திங்கட்கிழமை அக்காவோடும் மகள் கீர்த்தனாவோடும் நானும் காலேஜுக்குப் போனேன். ஜெராக்ஸைப் பார்த்த கிளார்க், "ஏனுங்மா, இத வெச்சு நான் எப்படிங்க சேக்கறது? வெள்ளிக்கிழமை கடைசிங்க. அதுக்குள்ள ஒரிஜினல் கொண்டாந்துபோடுங்க" என்றார். மாற்றுக் கார்டுக்கு முகாமில் மனு, போலீஸில் புகார், விசாரணை. எல்லா இடத்துக்கும் கூடவே போய், தொலைத்தது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கார்டு வர ஒன்றரை மாதம் ஆனது. அதற்குள் காலேஜில் அட்மிஷன் முடிந்துவிட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். மாதிரிக்கு வரும் ஒரிஜினலைப் போட்டோ எடுத்த கையோடு உரியவர் கையில் கொடுத்துவிடுங்கள். நம்மிடம் பத்திரமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். டூப்ளிகேட்டின் பின்னால் சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு போடுங்கள்.

படம் முடிந்து திரையிட்டபோது பார்த்தேன். அதில் இருப்பது இரண்டாவது டேக். நான்காவதை எடிட்டிங்கில் எடுத்துவிட்டார்கள். கீர்த்தனா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துவிட்டு அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பம் போட்டாள். அந்த டேக்குக்கு ஆன செலவு, அவளுக்கு ஒரு வருஷம்.