முதல் சுற்றில் தோற்றவருக்கு இருபத்தைந்து

இருபத்திரண்டு வருடங்களாகப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு பிள்ளைக்குப் போட்ட மதிப்பெண்ணை மறு வருடம் திரும்பப் பிடுங்கியதில்லை. வாங்கியது வாங்கியதுதான். என் மகளின் ஆட்டப் புள்ளிகளையும் அப்படித்தான் நினைத்தேன்.

மகள் ஸ்னூக்கர் ஆடுகிறாள்; மேசைமேல் கோலால் பந்தைக் குத்திக் குழியில் விழவைக்கும் ஆட்டம். கொடைக்கானல் பஜாரில் காய்கறி மண்டி வைத்திருக்கும் பாய், கடை மாடியில் ஒரு மேசை போட்டிருக்கிறார். பதிமூன்று வயதில் அங்கே கோலைப் பிடித்தாள். இங்கே பனி இறங்கினால் மேசையின் பச்சைத் துணி ஈரத்தைக் குடித்துவிடும். பந்து பாதி வழியில் சோர்ந்து நிற்கும். "கோயமுத்தூரு ஏசி ஹால்ல பந்து பறக்கும் டீச்சர். இங்க பழகுன கைய அங்க பாதி அடக்கணும்" என்பார் பாய். அதனால் எந்தப் போட்டிக்கும் ஒரு நாள் முன்னதாகவே மலையிறங்க வேண்டும்.

வருடத்துக்கு ஐந்து போட்டிகள். எந்தச் சுற்று வரை தாக்குப்பிடிக்கிறாளோ அதற்கேற்ற புள்ளி. மொத்தத்தை வைத்து வரிசை. சீசன் முடிவில் முதல் எட்டு இடத்தில் இருக்கும் பெண்கள் தொழில்முறை ஆட்டத்துக்கான தகுதிப் போட்டிக்குப் போகலாம். அந்த எட்டுக்குள் நிற்பது ஒன்றுதான் அவள் கேட்டது. துணிமணி கேட்டதில்லை, போன் கேட்டதில்லை. முந்தைய வருடம் கோவைப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போய் இருநூறு புள்ளி வாங்கி, பத்தாவது இடத்துக்கு ஏறியிருந்தாள்; இந்த வருடம் மற்ற நான்கு போட்டிகளும் ஆடி ஐந்துக்கு வந்துவிட்டாள். அந்த இருநூறை நான் காலண்டர் அட்டையின் பின்புறம் எழுதி, ஒவ்வொரு போட்டிக்கும் கூட்டிக்கொண்டே போனேன்.

பாய் ஒருமுறை அந்த அட்டையைப் பார்த்துச் சிரித்தார். "கூட்டிக்கிட்டே போறீங்களே டீச்சர், கழிக்க வேணாமா? இந்த வருசம் கோயமுத்தூரு போட்டி முடிஞ்சதும் போன வருசத்துக் கோயமுத்தூரு பாயிண்டு போயிரும்."

"சம்பாதிச்சது எங்க போகும் பாய்?"

"போன போகத்துப் பூண்டக் காட்டி இந்தப் போகத்துக்கு வெல கேட்டா குடுப்பாங்களா?"

மண்டிக்காரர் எதற்கெடுத்தாலும் பூண்டில்தான் வந்து நிற்பார் என்று நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

நவம்பரில் ஒரு வாரம் விடாத மழை. பழனி ரோட்டில் மண் சரிந்து, அள்ளி, ஒரு பக்கமாக வண்டி விட்டுக்கொண்டிருந்தார்கள். பாய் கேரட் ஏற்றிக்கொண்டு கோவைக்குப் போகும் வேனில் எங்கள் இருவரையும் அழைத்துப் போவதாக ஏற்பாடு. மகள் முந்தின நாளே பையைக் கட்டி, கோலை உறையிலிட்டுக் கதவருகில் சாய்த்துவைத்துவிட்டாள். அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடுகூடத் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் வேன் சரிந்த ரோட்டில் இறங்குவதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். அவள் குளிக்கப் போன நேரத்தில் பாய்க்குப் போன் செய்து, "பாப்பாவுக்குக் காய்ச்சல், வரல" என்றேன். அவள் வெளியே வந்ததும், "மறுபடி மண் சரிஞ்சு கெடக்காம். வேன் போகலையாம்" என்றேன்.

"வத்தலக்குண்டு வழியா பஸ்ல போவோம்மா."

"இந்த மழையிலயா? அஞ்சாவது எடத்துல இருக்க. ஒரு போட்டிக்குப் போகலேன்னா குடியா முழுகிரும்?"

"போன வருசப் பாயிண்ட் போயிரும்மா."

"யாரு, போலீசு வந்து அள்ளிட்டுப் போயிருமா?"

அவளுக்குப் பத்தொன்பது வயது. என்னைத் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். நம்பினாள். உறையோடு கோலை எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

சீசனின் கடைசிப் போட்டி அதுதான். அடுத்த திங்கட்கிழமை பட்டியல் வந்தது. ஐந்தில் இருந்தவள் ஒன்பதில் இருந்தாள்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கூட்டலில் பிசகு என்றுதான் பட்டது. எங்கள் பள்ளியில் மதிப்பெண் குறைந்தால் பெற்றோர் செய்வதை நானும் செய்தேன்: மறுகூட்டல் கேட்டு, நல்ல தாளில் ஸ்னூக்கர் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். காலண்டர் அட்டையையும் எடுத்துக்கொண்டு, சங்கத்தில் யாரிடம் கொடுப்பது என்று கேட்கப் பாயின் மாடிக்குப் போனேன். மகள் அங்கே தனியாக ஆடிக்கொண்டிருந்தாள்.

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலையும் என் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "கூட்டலெல்லாம் சரியாத்தான் கெடக்கு டீச்சர். அந்த எரநூறு போச்சு, அம்புட்டுத்தான். எட்டாவது பிள்ளைக்கும் நம்ம பாப்பாவுக்கும் பதினஞ்சு பாயிண்டுதான் வித்தியாசம். போயி மொத ரவுண்டுல தோத்திருந்தாக்கூட இருவத்தஞ்சு குடுப்பான். சும்மா போயி நின்னுருந்தாப் போதும். என்னா செய்ய, அன்னைக்குன்னு பார்த்துக் காய்ச்சல் வந்துருச்சு."

பந்தின் சத்தம் நின்றது.

"யாருக்கு மாமா காய்ச்சல்?"

"ஒனக்குத்தான். அம்மா போன் போட்டாங்களே."

"அன்னைக்கு வேன் போச்சா?"

"போகாம? வெள்ளனே கெளம்புனோம், மத்தியானத்துக்குள்ள மார்க்கெட்ல எறக்கியாச்சு. ரோட்ல ஒரு கல்லு இல்ல."

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் மிச்சமிருந்த பந்துகளை ஒவ்வொன்றாகக் குழியில் போட்டு முடித்தாள். ஒன்றும் தவறவில்லை. பாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. "சோலி கெடக்கு" என்று முனகிக்கொண்டு கீழே இறங்கிப் போனார். வீடு வரும் வரை அவள் எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் வாய் திறந்தாள்.

"தோக்குறதுக்காவது விட்டிருக்கலாம்லம்மா."

இப்போது எனக்கு எல்லா விதிகளும் தெரியும். தொழில்முறைப் பட்டியலில் இரண்டு வருடக் கணக்கு. அங்கே பரிசுத் தொகைதான் புள்ளி. ஒரு போட்டி முடிந்ததும் இரண்டு வருடத்துக்கு முன் அதே போட்டியில் வென்றது உதிர்ந்துவிடும். உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரரும் போன முறை நின்ற இடத்தில் மறுபடி நின்று காட்ட வேண்டும். புதிதாக நுழைபவர் சைபரில் தொடங்க வேண்டும். மேல் வரிசைக்காரர்கள் பின் சுற்றில் நேராக இறங்குவார்கள். கீழே இருப்பவள் அந்த இடத்துக்கு வரவே மூன்று நான்கு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். இதையெல்லாம் நவம்பருக்கு முன் படிக்க எனக்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்திருக்கும். படித்திருந்தாலும் போன் செய்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. என் பயத்துக்கு விதி தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

எட்டாவதாக இருந்த பெண் தகுதிப் போட்டிக்குப் போனாள். என் மகள் இந்தச் சீசனை ஒன்பதில் தொடங்கியிருக்கிறாள். போட்டி இருந்தால், நான் எழுந்திருக்கும் முன்பே முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுகிறாள். எந்த ஊர் என்று சொல்வதில்லை. போய்ச் சேர்ந்ததும் போன் செய்வதில்லை. நான் அடித்தால் எடுப்பதில்லை. மழை பெய்தாலும் அப்படித்தான்.

திங்கட்கிழமை பட்டியல் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. அவள் பெயரைத் தேடி, அதன் எதிரே விரலை வைத்துப் பார்ப்பேன். எத்தனையாவது இடம் என்பது எனக்கு அப்புறம்தான். புதிதாகக் குறைந்தது இருபத்தைந்து புள்ளி ஏறியிருந்தால், பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன்.