கேட்டில் பிடிபட்ட பேனா

என் வீட்டுக்காரர் கழுத்தில் கேட் பாஸ் இல்லாமல் ஷிப்டிலிருந்து வந்ததை ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன். குளிக்கும்போது மட்டும்தான் அந்த நீலக் கயிற்றைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அன்று வந்தவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு, படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பாஸ புடுங்கிக்கினாங்க" என்றார்.

"யாரு? எதுக்குங்க?"

"ஒம் பேனாவாலதான்."

அவர் மைன்ஸில் காண்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற நிலக்கரியை வாரிப் போடுகிற வேலை. வருஷக்கணக்காக அந்த வேலையிலேயே கிடந்து, பெர்மனென்ட் ஆக்குகிற வரிசையில் அவர் பெயரும் நகர்ந்து நகர்ந்து மேலே வந்திருந்தது. பாஸ் போனால் வேலை போகும். வேலை போனால் அத்தனை வருஷமும் போகும். எங்களுக்கு வேறு நிலமா நீச்சா, ஒன்றும் கிடையாது.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. வேலை கிடைக்கவில்லை, கல்யாணம்தான் கிடைத்தது. சும்மா இருக்கிற ஜென்மம் நான் இல்லை. டிவி, ரேடியோவுக்குள் செம்புக் கோடு போட்ட பச்சைத் தகடு இருக்குமே, அந்த போர்டை பண்ருட்டி பழைய சாமான் கடையில் வாங்கிவந்து பேனா செய்தேன். போர்டைச் சூடாக்கி மேல்தோலை மட்டும் உரிப்பேன். அதைச் சின்னப் பித்தளைக் குழாயில் சுற்றி ஒட்டி, அச்சில் நிறுத்தி, சுற்றிலும் ரெசின் என்கிற பிசினை ஊற்றுவேன். ஊற்றும்போது தண்ணீர்போல இருக்கும். மறுநாள் கல். அந்தக் கட்டையை லேத் என்கிற சின்னக் கடைசல் மிஷினில் மாட்டி உளியால் கடைந்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கத் தேய்க்க உள்ளே இருக்கிற பச்சையும் செம்பும் துலங்கும். மேலேயிருந்து பார்த்தால் வட்டம் வட்டமாகப் பிரித்த எங்கள் டவுன்ஷிப் தெருக்கள் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்வேன். ரிட்டயர் ஆகிறவர்களுக்குப் பரிசு கொடுக்க வாங்கினார்கள். போனில் படம் பார்த்து வெளியூர்க்காரர்களும் கேட்டார்கள். கூரியரில் அனுப்பினேன். என்னையும் ஒரு ஆளாக மதித்துப் பேசினார்கள், பொய் சொல்வானேன், அது எனக்குப் பிடித்திருந்தது.

அன்று அவர் அதில் ஒன்றைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஷிப்டுக்குப் போயிருக்கிறார். கூட வேலை செய்கிறவர்களிடம் காட்டி, எனக்கு நாலு ஆர்டர் பிடித்துத் தரலாம் என்ற ஆசை. மைன்ஸ் கேட்டில் உள்ளே போகும்போது யாரும் தடவிப் பார்ப்பதில்லை. வெளியே வரும்போதுதான் சோதனை. டிபன் பை, சட்டை, இடுப்பு எல்லாம். செம்புக் கம்பி ஒரு முழம் இருந்தாலும் தொலைந்தோம். அதனால் வெளியிலிருந்து ஏதாவது கொண்டுபோனால் கேட்டிலேயே சொல்லி எழுதிவைத்துவிட்டுப் போகவேண்டும். ஸ்க்ரூடிரைவர் கொண்டுபோனால் எழுதிவைப்பார்கள். பேனாவை எந்த மனுஷன் எழுதிவைப்பான்?

காவலுக்கு நின்றவர் பேனாவை உருவி வெயிலில் பிடித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே போர்டு, செம்பு. கண்ட்ரோல் ரூமிலிருந்து எதையோ உடைத்துக்கொண்டு வருகிறான் என்று நினைத்துவிட்டார். இவர் தமிழில் சொல்ல, அவர் இந்தியில் கேட்க, கடைசியில் பாஸையும் பேனாவையும் வாங்கி வைத்துக்கொண்டு, "காண்ட்ராக்டர் ஆளைக் கூட்டி வா" என்று அனுப்பிவிட்டார்கள்.

"எம் பொண்டாட்டி செஞ்சதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னன். எல்லாருஞ் சிரிக்கிறானுங்க."

அப்போது அவர் கேட்டார், மெதுவாக, என் முகத்தைப் பார்க்காமல். "அந்த போர்டு எங்கேருந்து வந்தது?"

"பண்ருட்டிக் கடையிலேருந்து."

"அவனுக்கு எங்கேருந்து வந்தது?"

ஐயோ சாமி, அந்தக் கேள்வியை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பண்ருட்டிக்கு ஓடினேன். பலாப்பழ லாரிகளுக்கு நடுவே புகுந்து, கடை திறக்கும்போதே போய் நின்றேன்.

"அண்ணே, நான் எடுக்கிற போர்டெல்லாம் டிவி போர்டுதானே? ஒரு பில்லு மாதிரி எழுதிக் குடுங்கண்ணே."

அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எது எந்தப் பொட்டியிலேருந்து வந்ததுன்னு பாத்துக்கினா இருக்க முடியும்? டிவியும் இருக்கும், மிக்ஸியும் இருக்கும். மைன்ஸ் ஏலத்துல எடுத்தவங்களும் கொண்டாந்து கொட்டுவாங்க. ஏலத்துல எடுக்காதவனும் கொட்டுவான். ஏம்மா, இன்னா ஆச்சி?"

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும் வழியெல்லாம், பஸ்ஸில் யாராவது காக்கிச் சட்டை போட்டு ஏறினாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் மிச்சமிருந்த போர்டுகளை எல்லாம் பின்பக்கம் பரப்பினோம். மைன்ஸ் சாமான் என்றால் மஞ்சள் பெயிண்டில் நம்பர் எழுதியிருக்கும் என்று அவர் சொன்னார். ஒவ்வொன்றாகப் புரட்டினோம். மஞ்சள் எதிலும் இல்லை. ஆனால் பிடிபட்ட பேனாவுக்குள் இருந்த போர்டில்? அதன் மேல்தோலை உரித்தவள் நான்தான். என்ன எழுதியிருந்தது, எழுதியிருந்ததா, எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ரெசினுக்குள் இருப்பதை வெளியே எடுக்கவும் முடியாது. சின்னதாக ஒரு மஞ்சள் புள்ளி இருந்தால் போதும், தீர்ந்தது கதை.

அன்று மத்தியானம் காண்ட்ராக்ட் கம்பெனியின் சைட் இன்சார்ஜைப் பார்க்கப் போனோம். பாஸ் கொடுப்பதும் பிடுங்குவதும் அவர் கையில். அவருடைய ஆபீஸ் பஜாருக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. நான் ஒரு கட்டைப்பையில் அச்சு, ரெசின் டப்பா, பித்தளைக் குழாய், பாதி கடைந்த கட்டை, பழைய டிவி போர்டு எல்லாவற்றையும் எடுத்துப்போனேன். மேஜைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, எதை எதில் சுற்றுவேன், எப்படி ஊற்றுவேன் என்று சொல்லிக் காட்டினேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் வாசல்படிக்கு வெளியே கழற்றிவிட்ட செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கேட்டிலிருந்து வந்திருந்த பேனா மேஜைமேல்தான் இருந்தது. இன்சார்ஜ் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் கூடவே மஞ்சளைத் தேடினேன். மஞ்சள் இல்லை. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுப் பார்த்தார்.

"நல்லா ஓடுதேம்மா! நீயே செஞ்சதா? பரவால்லியே!"

உடனே யாருக்கோ போன் போட்டார். "நம்ம ஆளுதான் சார், சம்சாரம் செய்யுதாம், நான் பாத்துட்டேன்" என்று சிரித்துப் பேசினார். பாஸ் நாளைக் காலை கேட்டிலேயே கிடைக்கும் என்றார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கும்பிட்டுவிட்டு, சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டேன்.

"இரும்மா" என்றவர், மேஜை டிராயரை இழுத்து ஒரு போர்டை எடுத்து என் முன்னால் வைத்தார். புத்தம் புதுசாகப் பளபளத்தது. ஓரத்தில் மஞ்சள் பெயிண்டில் நம்பர்.

"இதுல எனக்கு ஒண்ணு போட்டுக் குடு. இந்தப் பச்சை நல்லா இருக்கு."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மறுபடியும் செருப்பைப் பார்த்தார். முடியாது என்று எப்படிச் சொல்வேன்? பாஸ் இன்னும் எங்கள் கைக்கு வரவில்லையே! எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வழியில் வேண்டாத கீரைக்கட்டு இரண்டை வாங்கி அதன்மேல் வைத்து மூடினேன்.

அடப்பாவி மனுஷா, இல்லாத திருட்டுக்குப் பயந்து ஓடியவளின் வீட்டில் இருக்கிற திருட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டாயே என்று வழியெல்லாம் திட்டினேன். வாய்க்குள்ளேதான்.

முதல் வேலையாக அந்த மஞ்சள் நம்பரைச் சுரண்டினேன். பேனாவுக்கு வேண்டியது ஒரு துண்டுதான். மிச்சத்தை என்ன செய்வது? குப்பையில் போட்டால் குப்பைக்காரர் எடுப்பார். கொளுத்தினால் நாற்றம் தெரு முழுக்கப் போகும். குளத்தில் போடலாமா என்றால் அவர், "தண்ணி வத்துனா?" என்கிறார். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு சாணை பிடிக்கிற கிரைண்டிங் கல்லில் கொடுத்து அத்தனையையும் பொடியாக்கினேன். போர்டில் இருக்கிற கண்ணாடி இழையின் தூள் பட்டுக் கையெல்லாம் அரித்தது. அவர் வாசலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொடியைக் களிமண்ணில் பிசைந்து புதைத்த பிறகுதான் குளித்தேன்.

பாஸ் வந்துவிட்டது. அவர் வேலைக்குப் போனார். பேனாவையும் கடைந்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அதோடு விட்டது சனியன் என்று இருந்தேன். சில நாள் கழித்து, லேத்தில் ஒரு கட்டையை மாட்டிக் கடைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. அதே இன்சார்ஜ்.

"அந்தப் பேனா ஹெட் ஆபீஸ்ல எல்லாருக்கும் புடிச்சிடுச்சிம்மா. இன்னும் கொஞ்சம் வேணும். நான் மெட்ராஸ் கெளம்பறேன். சைட் ஸ்டோர்ல சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கு போர்டெல்லாம் உங்க வீட்டுக்காரர்கிட்டயே குடுத்து உடுவாங்க."

சைட் என்றால் மைன்ஸுக்குள்ளே. கேட்டுக்கு உள்ளே.

"சார், கேட்ல புடிச்சா?"

"டிபன் பையில அடியில வச்சா யாரு பாக்கப் போறா? அப்படியே புடிச்சாலும் என் பேரு மட்டும் வரக்கூடாது, சொல்லிடு அவர்கிட்ட."

அந்த நிமிஷம் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "மிஷின வித்துட்டேன் சார்" என்றேன்.

"வித்துட்டியா? எப்போ?"

"காலையிலதான் சார். வூட்ல தூசி, ஒத்துக்கல."

லேத் என் முன்னால் இன்னும் சூடாக இருந்தது. அவர் "சரி, உங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டார். அந்த 'இஷ்டம்' என்ற வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்வாரோ? வீட்டுக்காரர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல், பக்கத்து வீட்டு மொபெட்டைக் கடன் வாங்கி வந்தார். இரண்டு பேருமாக லேத்தைக் கழற்றிக் கட்டினோம். பொழுது சாய்வதற்குள் அது பண்ருட்டிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. இரும்பு விலைக்கு எடைபோட்டு எடுத்துக்கொண்டார்கள். நான் கூடப் போகவில்லை. லேத் இருந்த இடத்தில் நாலு திருகாணி ஓட்டைதான் இருந்தது. அதைப் பார்த்து வாய்விட்டு அழுதேன். எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் அவர் முதல் ஷிப்டுக்குப் போனார். கேட்டில் உள்ளே விடுவார்களா? விட்டாலும், ஸ்டோர்காரன் விஷயம் தெரியாமல் போர்டைப் பையில் திணித்துவிட்டால்? இவர் வாயில்லாப்பூச்சி, வேண்டாம் என்று சொல்வாரா? அப்படியே திணித்து, அப்படியே பிடித்தால்? ஷிப்டு முடிகிற சங்கு ஊதிய பிறகு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

சைக்கிள் வந்தது. கழுத்தில் பாஸ் இருந்தது. அவர் வாசல்படி ஏறுவதற்குள் கையிலிருந்த டிபன் பையை வெடுக்கென்று பிடுங்கித் தரையில் கவிழ்த்தேன். தூக்குச்சட்டி, தண்ணீர் பாட்டில், மடித்த துண்டு. துண்டை உதறினேன். தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தேன். எழுந்து அவர் சட்டைப்பையைத் தடவினேன், இடுப்பைத் தடவினேன். அவர் கேட்டில் நிற்பதுபோலவே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.