வேம்பார் கடலுக்குள் ஒரு கட்டுத்தறி

கடலுக்கடியில் அகழாய்வு செய்கிறோம் என்று தங்கச்சி மகள் முத்துச்செல்வி போனில் சொன்னதும், "மண்வெட்டி கொண்டு வரட்டா?" என்று கேட்டுவிட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன். ஐம்பது வயது வரை கரிசலைத் தவிர வேறெதையும் தோண்டாதவன் வேறென்ன கேட்பான்? "நீங்க மட்டும் வந்தாப் போதும் மாமா" என்றாள்.

போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை போனேன். கோவில்பட்டியில் காலை ஐந்தரை பஸ். விளாத்திகுளத்தில் இறங்கி டீ குடித்துவிட்டு வேம்பார் பஸ். ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். வழியெல்லாம் மிளகாய் காய்கிறது. ஜன்னல் சீட்டுக்குத் தும்மல் இலவசம்.

கரையில் அவளும் படகுக்காரர் சேவியரும் நின்றார்கள். விஷயம் இதுதான். முந்தின வாரம் கடலடியில் ஓட்டை போட்ட பெரிய கல் ஒன்றைப் பார்த்திருக்கிறாள். பழைய கப்பல்களைக் கட்டி நிறுத்திய கல்லாக இருக்கலாம். ஒற்றைக் கல் என்றால், ஏதோ கப்பலிலிருந்து விழுந்தது என்று தள்ளிவிடுவார்கள். வரிசையில் இன்னொன்று கிடைத்தால்தான் அடுத்த வருடமும் வேலை நடக்கும். அன்றுதான் கடைசி நாள்.

"சந்தையில மாடு கட்ட வரிசையா முளை அடிச்சிருப்பாம்லா, அதானட்டி?"

"அதேதான் மாமா. கட்டுனது போர்க்கப்பலா, வியாபாரக் கப்பலான்னுதான் தெரியல."

படகில் ஏறியதும் சேவியர், "அண்ணாச்சி, வரப்புல நடக்குற மாதிரி நடக்காதிய. நடுவுல உக்காருங்க" என்றார்.

"நீரு மொதல்ல நேரா ஓட்டும்வே."

கயிற்றின் ஒரு நுனியோடு அவள் இறங்குவாள். மறு நுனி என் கையில். கல் கிடைத்தால் கயிற்றை அதில் கட்டிவிட்டு இரண்டு முறை சுண்டுவாள். மேலே நாங்கள் மிதவை கட்டி அடையாளம் வைக்க வேண்டும். இரண்டு தடவை வெறுங்கையோடு வந்தாள். மூன்றாவது தடவை இறங்கும்போது அவள் முகத்தைப் பார்த்து நானும் கேலியை நிறுத்திக்கொண்டேன்.

கயிறு சுண்டியது. மறுபடியும் சுண்டியது.

எங்கள் காட்டுப் பருத்தி எந்தக் காலத்திலோ இங்கிருந்து கப்பல் ஏறியிருக்குமோ என்று அந்த நிமிடம் தோன்றியது. அடுத்த வருடம் கேட்டுச் சொல்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: காற்று குறைவாக இருக்கும் காலையிலேயே போங்கள். வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். கையில் கயிறு இருக்கும்போது கை தட்டாதீர்கள். நான் தட்டினேன். சேவியர் மிதவையோடு திரும்புவதற்குள் கயிறு முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது. முத்துச்செல்வி நான்காவது தடவை இறங்கினாள். கல் அங்கேயேதான் இருந்தது. கரை சேரும்வரை என் கையில் யாரும் எதையும் தரவில்லை.